முகம் ஒன்று, பொருள் வேறு

நோர்வேக்குப் புதிதாக வந்து சேரும் எம்மவர் பலர், ஊரில் படித்த ஆங்கிலத்தைத் துணையாகக் கொண்டே நோர்வேஜிய மொழியைக் கற்கத் தொடங்குகின்றனர். இரண்டும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆதலால் அந்தத் துணை பல இடங்களில் கைகொடுக்கும். ஆனால், எழுத்தில் ஆங்கிலம் போலத் தோன்றிப் பொருளில் மாறுபடும் சொற்களும் உண்டு. இவற்றை ஊகித்து வாசிப்பது ஆபத்து.

முதலில் நேரம். ஆங்கிலத்தில் 'ரைம்' என்று நாம் வாசிக்கும் அதே நான்கு எழுத்துக்கள் இங்கே 'தீமெ' ஆகும். பொருள் ஒரு மணித்தியாலம். அல்லது வைத்தியரிடம் பெற்ற சந்திப்பு நேரம். அந்த நேரத்தை 'ஹல் த்ரே' என்று சொன்னால், அது மூன்றரை அன்று, இரண்டரை! மூன்று மணிக்கு அரை மணி முன்பு என்பதே இவர்களின் கணக்கு. மூன்றரைக்குப் போனால் சந்திப்புத் தவறிவிடும். வராததற்குக் கட்டணமும் கேட்கக்கூடும். ஐயமிருந்தால் '14.30' என எழுதித் தரும்படி கேளுங்கள்.

தூரமும் அப்படியே. 'மீல்' என்பது மைல் அன்று. ஒரு மீல் 10 கிலோமீற்றர். ஒரு மைலோ ஏறத்தாழ 1.6 கிலோமீற்றர்தான்.

ஆங்கிலத்தில் 'கிஃப்ற்' என்றால் பரிசு. அதே எழுத்துக்கள் இங்கே 'யிஃப்த்'. படிவத்தில் கண்டால் 'மணமானவர்' என்று பொருள், 'ஊயிஃப்த்' மணமாகாதவர். போத்தலில் கண்டாலோ அது நஞ்சு! 'யிஃப்தி' என்றால் நச்சுத்தன்மையுள்ளது. பிள்ளைகள் எதையாவது குடித்துவிட்டால் நஞ்சுத் தகவல் நிலையத்தை 22 59 13 00 என்ற இலக்கத்தில் இரவு பகலாக அழைக்கலாம். உயிராபத்தென்றால் 113.

அலுவலகக் கடிதங்களில் வரும் 'எவென்துவெல்த்' என்ற சொல்லை ஆங்கிலப் பழக்கத்தில் 'இறுதியில்' என்று கொள்ளவேண்டாம். 'அப்படி ஏதும் இருந்தால்' என்பதே பொருள்.

எழுத்துக்கூட்டலிலும் கவனம் தேவை. மெய்யெழுத்து இரட்டித்தால் முன்னுள்ள உயிர் குறிலாகும். ஒரு மெய்யுடன் 'தாக்' என்றால் கூரை; இரட்டித்துத் 'தக்' என்றால் நன்றி. ஆங்கிலத்தில் பேனாவுக்கு எழுதுவதுபோல ஒரே 'என்' போட்டால், அது இங்கே 'பேன்', அதாவது அழகானது. பேனாவுக்கு இரண்டு 'என்' வேண்டும். குறில் நெடில் அறிந்த எமக்கு இது கடினமன்று.

பிள்ளைகள் இவற்றை விரைவில் பிடித்துக்கொள்வர். அதற்காக வைத்தியரிடமும் கந்தோரிலும் அவர்களை மொழிபெயர்க்க வைக்கலாகாது. தாயின் நோயையும் குடும்பத்தின் கடனையும் பிள்ளையின் வாயால் கேட்பது நியாயமா? 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி, அவசர நிலை போன்ற விதிவிலக்குகள் தவிர, அரச அலுவலகங்கள் பிள்ளைகளை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. 'தொல்க்' வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

புதிய சொல்லை ஆங்கிலம் வழியாகச் சுற்றிவராமல் நேரே தமிழில் அறிவதே நன்று. 'லெக்சின்' என்ற இலவச இணைய அகராதியில் நோர்வேஜியச் சொற்களுக்குத் தமிழ்ப் பொருள் உண்டு. நாளொன்றுக்கு ஐந்து சொற்களைக் கொப்பியில் எழுதி வந்தால், ஒரு மாதத்தில் நூற்றைம்பது சொற்கள் கைவசமாகும்.