தட்டம்மைச் சாவு: எந்த வார்டின் கணக்கு?

2022 அக்டோபர் கடைசியில், மும்பை கோவண்டியின் ரஃபி நகரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று குழந்தைகள் இரண்டு நாளுக்குள் இறந்தார்கள். தட்டம்மையாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்ததும் ஒன்றிய அரசு மருத்துவக் குழுவை அனுப்பியது. அடுத்தடுத்த வாரங்களில் நகரின் வேறு பகுதிகளிலும் நோய் பரவியது. ஆனாலும் அடி பலமாக விழுந்தது கோவண்டி அடங்கிய எம்-கிழக்கு வார்டில்தான். தேவ்நார் குப்பைமேடு இருப்பதும் அங்கேதான்.

கோவண்டிக்கு ஒரு கிருமி, கடலோரப் பணக்காரக் குடியிருப்புகளுக்கு இன்னொரு கிருமி என்று கிடையாது. அப்படியிருக்க, ஒரே ஊருக்குள் சாவு மட்டும் ஏன் சில தெருக்களையே தேடிப் போகிறது?

முதலில் கணக்கைச் சரியாகப் போட வேண்டும். இரண்டு வார்டுகளில் ஐந்தைந்து குழந்தைகள் இறந்ததாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் ஐந்து வயதுக்குட்பட்டோர் 10,000 பேர், மற்றதில் 50,000 பேர். முதல் வார்டின் சாவு விகிதம் ஐந்து மடங்கு அதிகம். வெறும் எண்ணிக்கையைப் பார்த்து இரண்டும் சமம் என்று சொன்னால், அந்த முதல் வார்டின் தாய்மாருக்கு நாம் செய்யும் அநியாயம் அது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் நாட்டில் இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும். கோவண்டிக் குழந்தை சிஞ்ச்போக்ளியில் உள்ள கஸ்தூர்பா மருத்துவமனையில் இறந்தால், பதிவு அந்தப் பகுதியில் ஏறும். நம் புதுக்கோட்டை மாவட்டத்து மணமேல்குடிக் குழந்தையைத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், அது அங்கே இறந்தாலும் அப்படித்தான். வீட்டு முகவரிப்படி பிரித்து எழுதாவிட்டால், நோய் பிடித்த ஊர் சுத்தமாகவும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஊர் மோசமாகவும் தெரியும். தட்டம்மைக்குப் பின் வரும் நிமோனியாவிலோ வயிற்றுப்போக்கிலோ குழந்தை போய்விட்டால், காரணத்தில் தட்டம்மை என்ற சொல்லே இல்லாமல் போவதும் உண்டு.

கணக்கைச் சரிசெய்த பிறகும் வித்தியாசம் மிஞ்சும். அதற்கு நெருக்கடியான வீடு ஒரு பெரிய காரணம். 1979-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவ் தலைநகரில் தட்டம்மை பரவியபோது, டென்மார்க் மானுடவியலாளர் பீட்டர் ஆபி வீடு வீடாக ஆராய்ந்தார். ஊட்டச்சத்துக் குறைவுதான் குழந்தைகளைக் கொல்கிறது என்பது அன்றைய நம்பிக்கை. இறந்த குழந்தைகளுக்கும் பிழைத்தவர்களுக்கும் ஊட்டத்தில் பெரிய வேறுபாட்டை அவர் காணவில்லை. ஒரே வீட்டில் பல பிள்ளைகளுக்கு நோய் வந்த இடத்தில்தான் சாவு கூடியிருந்தது. முதலில் வெளியிலிருந்து வாங்கி வந்த குழந்தையைவிட, அதனோடு ஒரே அறையில் படுத்த தம்பி தங்கைகளுக்கே நோய் கடுமையானது. இரவு பகலாக மூச்சுக்காற்றில் கிருமியை அள்ளி அள்ளி வாங்கினால் உடம்பு எத்தனை தாங்கும்? நெருக்கமான தெருவில் நோய் சின்ன வயதிலேயே வந்தும் விடுகிறது. கைக்குழந்தைக்கு வந்தால் ஆபத்து கூடுதல்.

தட்டம்மை பிடித்த ஒருவர், எதிர்ப்பு இல்லாத கூட்டத்தில் 12 முதல் 18 பேருக்குக் கொடுக்க முடியும். அவர் எழுந்துபோன அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி தங்கும். அதனால்தான் நூற்றுக்கு 95 குழந்தைகளுக்காவது தடுப்பூசியின் இரண்டு தவணையும் போட்டிருக்க வேண்டும் என்கிறார்கள். ஊர் சராசரி 95-ஐத் தொட்டாலும், ஒரு தெருவில் 60 என்றால் நோய்க்கு அந்தத் தெரு போதும்.

இந்தச் சராசரிக் கணக்கின் சிக்கல் நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் பொருந்தும். 13 ஒன்றியங்களுக்கும் சேர்த்து ஒரு சதவீதம் சொன்னால், விராலிமலைத் தொழிற்பேட்டைப் பக்கம் வாடகைக்கு வந்த வெளிமாநிலக் குடும்பமோ, வேலை தேடி ஊர் ஊராகப் போகும் செங்கல் சூளைக் குடும்பமோ அதற்குள் மறைந்துவிடும். தாய் சேய் நல அட்டையைப் புரட்டிப் பாருங்கள். ஒன்பதாம் மாத ஊசிக்கு நேரே தேதி இருக்கும். 16 முதல் 24 மாதத்துக்குள் போட வேண்டிய இரண்டாம் தவணைக்கு நேரே சில அட்டைகளில் வெற்றுக் கட்டம். பிள்ளை நடக்கத் தொடங்கி, அம்மாவும் வேலைக்குப் போக ஆரம்பிக்கும் காலம் அது. புதன்கிழமை ஊசி நாள் தவறிப்போவது எளிது.

நார்த்தாமலை முத்துமாரியம்மனைக் கும்பிடும் ஊர் நம்முடையது. அம்மை வார்த்தால் வாசலில் வேப்பிலை செருகி, அந்நியரை உள்ளே விடாமல் வைப்பது நோய் பரவாமல் தடுக்கிற நல்ல வழக்கம். ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரிப் பக்கமே போகக் கூடாது என்று இருந்துவிடாதீர்கள். நோய் தெரிந்த அன்றும் மறுநாளும் வயதுக்கேற்ற அளவில் வைட்டமின் ஏ கொடுப்பது கண்ணையும் உயிரையும் காக்கும். மூச்சு வாங்கினால், பால் குடிக்க மறுத்தால் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது.

அடுத்த கிராம சபையில் மாவட்டச் சதவீதத்தைக் கேட்காதீர்கள். இந்தத் துணை சுகாதார நிலையத்தின் கீழ் இரண்டு வயது முடிந்த பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் இரண்டாம் தவணை போட்டவர்கள் எத்தனை பேர், விடுபட்டவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேளுங்கள். அவருடைய பதிவேட்டில் இருக்கிறது அது.