டெம்ப்ளேட்டுக்குள் ஒரு திருச்சபை

தேவாலயங்களுக்கென்று விற்கப்படும் இணையதள டெம்ப்ளேட் ஒன்றைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது மேடை. நீல விளக்கொளி, கிட்டாருடன் இளைஞர்கள், எதிரே இருட்டில் உயர்ந்த கைகள். அதன்கீழ் மூன்று பொத்தான்கள்: முதன்முறை வருவோருக்கு ஒன்று, பிரசங்கம் கேட்க ஒன்று, காணிக்கை செலுத்த ஒன்று. இன்னும் கீழே போனால் கார் நிறுத்தும் இடம், காபி, குழந்தைகளை விட்டுச்செல்லும் அறை என்று தகவல்கள் வரும். அமெரிக்கப் புறநகர்ச் சபை ஒன்றுக்கு இது அப்படியே பொருந்தும். தூத்துக்குடி மாவட்டத்துச் சேகரம் ஒன்றோ சிவகங்கைப் பக்கத்துப் பங்கு ஒன்றோ பெயரை மட்டும் மாற்றி இதை வெளியிட்டால், அந்த ஊர்க்காரரே தம் கோயிலை அதில் அடையாளம் காணமாட்டார்.

அதற்காக டெம்ப்ளேட்டே வேண்டாம் என்று ஒதுக்கிவிட முடியாது. வாட்டிகன் தன் இணையதளத்தை 1995 கிறிஸ்துமஸ் சமயத்தில் தொடங்கியபோது அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். கணினிகளுக்கு அதிதூதர்களின் பெயர் சூட்டி, பழைய தோல்சுவடி போன்ற பின்னணியோடு எல்லாவற்றையும் தாமே உருவாக்கினார்கள். முந்நூறு குடும்பம் உள்ள ஒரு சபைக்கு அந்த வசதி இல்லை. கணினி தெரிந்த ஓர் இளைஞர், வேலை முடிந்து வந்து இரவில் செலவிடும் ஒன்றிரண்டு மணி நேரம், கமிட்டி ஒதுக்கும் சிறு தொகை, இருப்பது இவ்வளவுதான். ஆயத்த வடிவம் இல்லாவிட்டால் இந்தச் சபைகளில் பலவற்றுக்கு இணையதளமே இருக்காது.

ஒரே வடிவம் பல இடங்களுக்குப் பொருந்த முடிவதன் காரணம், எழுதப்படும் செய்தியும் அதன் தோற்றமும் தனித்தனிக் கோப்புகளில் இருப்பதுதான். கனடாவின் வடிவமைப்பாளர் டேவ் ஷே 2003-இல் தொடங்கிய சி.எஸ்.எஸ். ஜென் கார்டன் என்ற தளம் இதை எல்லாருக்கும் கண்கூடாகக் காட்டியது. அதில் எழுத்து மாறவே இல்லை. தோற்றத்தைச் சொல்லும் கோப்பை மட்டும் மாற்றி, பல நாட்டு வடிவமைப்பாளர்கள் ஒரே பக்கத்துக்கு நூற்றுக்கணக்கான முகங்களைக் கொடுத்தார்கள். அதே ஆண்டு மே 27 அன்று, இணையதளம் உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருள் வெளிவந்தது. 2005-இல் அதில் 'தீம்' என்ற வசதி சேர்ந்தது. இன்று உலகின் இணையதளங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் வேர்ட்பிரஸில்தான் இயங்குகின்றன. அதன் ஜி.பி.எல். உரிமம், எடுத்துப் பயன்படுத்தவும் வெட்டி ஒட்டித் திருத்தவும் எவருக்கும் அனுமதி தருகிறது.

ஆகவே திருத்தலாமா என்பதில் சிக்கல் இல்லை. எதைத் திருத்துவது என்பதில்தான் பெரும்பாலான சபைகள் தடுமாறுகின்றன. நிறத்தையும் முகப்புப் படத்தையும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுப்பது நல்லது. இந்தத் தளத்துக்கு யார் வருவார்கள், எதைத் தேடி வருவார்கள் என்று அதில் எழுதிப் பார்க்க வேண்டும். ஊருக்கு மாற்றலாகி வந்த வங்கி ஊழியர், ஞாயிறு ஆராதனை எத்தனை மணிக்கு என்று தேடுவார். மகளுக்குத் திருமணம் நிச்சயமான தகப்பனார், மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க எப்போது பெயர் கொடுக்க வேண்டும், என்னென்ன சான்றுகள் வேண்டும் என்று பார்ப்பார். துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்கிறவர்கள், இந்த ஆண்டு அசனம் என்றைக்கு, கொடியேற்றம் என்றைக்கு என்று தெரிந்தால்தான் விடுப்புக்கு எழுத முடியும். கல்லறைத் தோட்டம் யார் பொறுப்பில் இருக்கிறது, இரவில் ஒரு மரணம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விகளும் உண்டு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாங்கிய டெம்ப்ளேட்டில் இடமே இருக்காது. அந்த இடத்தை உண்டாக்குவதுதான் முதல் வேலை. 'முதன்முறை வருவோருக்கு' என்ற பகுதியை எடுத்துவிட்டு, ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் தெளிவான பக்கம் வைத்தாலே தளம் பாதி ஊருக்கு வந்துவிடும்.

அப்படியே வைத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. பிரசங்கப் பகுதி அப்படிப்பட்டது. தேவாலய டெம்ப்ளேட்டுகள் பலவற்றில், பேசியவர், தேதி, வேதாகமப் புத்தகம், தொடர் என்று பிரசங்கங்களைப் பிரித்து அடுக்கும் வசதி இருக்கிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, ஏப்ரல் 12 ஈஸ்டரன்று கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது, அதுவரை கேமராவைத் தொடாத சபைகளும் யூடியூபுக்குப் போயின. அன்று பதிவான எத்தனையோ செய்திகள் தேதி மட்டுமே தலைப்பாக, ஒன்றன்கீழ் ஒன்றாகப் புதைந்து கிடக்கின்றன. யோபு புத்தகத்தில் நம் ஐயர் பேசியதைத் தேடும் ஒரு பாட்டிக்கு, அந்தப் பதிவுகளைப் புத்தக வாரியாக அடுக்கித் தருவதைவிடப் பெரிய உதவியை இந்தத் தளம் செய்துவிட முடியாது.

இனி எழுத்து. டெம்ப்ளேட் அழகாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் அதன் ஆங்கில எழுத்துரு. தமிழை இட்டவுடன் அந்த எழுத்துருவில் தமிழ் இல்லாததால், கைப்பேசி தன்னிடம் இருக்கும் ஏதோ ஒன்றைக் காட்டும். ஒவ்வொரு கருவியிலும் ஒவ்வொரு முகம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை போன்ற எழுத்துருக்கள் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தீமின் அமைப்பில் குறித்துவிட வேண்டும். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல்வரியின் உகரக் கொக்கி கீழ்வரியின் இகரச் சுழியில் முட்டும். எழுத்தளவின் 1.7 அல்லது 1.8 மடங்காக அதை உயர்த்தினால் வயதானவர்களும் சிரமமின்றிப் படிக்கலாம். தலைப்பு எழுத்துகளை அகல விரிக்கும் அமைப்பைத் தமிழில் நீக்கிவிட வேண்டும், இல்லையேல் சொல் சிதறிப்போகும். சாய்வெழுத்தும் வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் கிடையாது. உலாவி செயற்கையாகச் சாய்த்துக் கெடுத்துவிடும்.

தளத்தின் மெனுப் பட்டியலில் ஐந்தாறு எழுத்துக்கென்று விட்ட இடத்தில் 'ஞானஸ்நானப் பதிவுகள்' இரண்டு வரியாக மடிந்து நிற்கும். சொல்லைச் சுருக்கலாம், அல்லது பட்டியலில் இருக்கும் தலைப்புகளைக் குறைக்கலாம். குறைப்பதே மேல்.

பழைய ஆண்டறிக்கைகளும் சபை வரலாறும் பெரும்பாலும் யூனிகோடு அல்லாத, பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சானவை. அவற்றை அப்படியே ஒட்டினால் கைப்பேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். கூகுள் தேடலிலும் அகப்படாது. மாற்றி மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்து, ஒருமுறை ஆள் வைத்துப் பிழை பார்த்தபின்தான் ஏற்ற வேண்டும். கூடவே, பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறித்துவிட்டால், பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் சரியான குரலைத் தேர்ந்துகொள்ளும்.

வேற்று மொழிக்கு அமைந்த கருவியில் தமிழைப் பொருத்தும் இந்த உழைப்பு தமிழ்த் திருச்சபைக்குப் புதிதல்ல. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துகள் 1713-இல் தரங்கம்பாடி வந்தன. அவை அளவில் பெரியவை. காகிதத்தைத் தின்றுவிடும் என்று கண்டு, அங்கிருந்த மிஷனரிகள் அருகிலுள்ள பொறையாற்றிலேயே சிறிய எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். 1715-இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. வேர்ட்பிரஸ் 2018-இல் கொண்டுவந்த புதிய எழுதுபலகைக்கு குட்டன்பர்க் என்று பெயர். அதில் அமர்ந்து வரி இடைவெளியைச் சரிசெய்யும் இளைஞர் அந்த வார்ப்படக்காரர்களின் வேலையைத்தான் தொடர்கிறார்.

காணிக்கைப் பொத்தானை அதிக எச்சரிக்கையோடு தொட வேண்டும். டெம்ப்ளேட்டில் அது பெரும்பாலும் பேபால் போன்ற வெளிநாட்டுச் சேவையோடு இணைந்திருக்கும். பேபால் இந்தியாவுக்குள்ளான பணப்பரிமாற்றத்தை 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. உள்ளூர்க் காணிக்கைக்கு யு.பி.ஐ. கியூ.ஆர். குறியீடு போதும். சட்டம் குறுக்கே வருவது வெளிநாட்டுப் பணத்தில். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும், 2020 திருத்தத்துக்குப் பிறகு, புதுடெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் பணம் முதலில் வர வேண்டும். துபாயில் இருக்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இதில் சேராது; அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட அவர் அண்ணன் அனுப்புவது சேரும். பொத்தானுக்கு இந்த வேறுபாடு தெரியாது. திருமண்டல அலுவலகத்திலோ மறைமாவட்டக் கணக்காளரிடமோ கேட்கும்வரை அதை மறைத்து வைப்பதே பாதுகாப்பு.

மாதிரித் தளத்தில் காட்டப்படும் படங்கள் பெரும்பாலும் விற்பனைக்கு உரியவை அல்ல. டெம்ப்ளேட்டின் விலைக்குள் அவை வராது. எடுத்துவிட்டு நம் கோபுரத்தையும் நம் பாடகர் குழுவையும் போடுவதே அழகு. ஞாயிறு பள்ளிக் குழந்தைகளின் முகங்கள் மட்டும் பெற்றோர் சம்மதமின்றி வரக் கூடாது. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் கேட்காவிட்டாலும் சபை கேட்டிருக்க வேண்டும். பிறந்தநாள், வீட்டு முகவரி, கைப்பேசி எண் அடங்கிய குடும்பப் பட்டியலும் அப்படியே. மாத மடலில் அச்சாகிச் சபையாரிடம் போவது வேறு, உலகமே தேடி எடுக்கும்படி வைப்பது வேறு.

விலை கொடுத்து வாங்க வேண்டிய தீம் எங்கோ இலவசமாகக் கிடைக்கிறது என்றால் தொடவே வேண்டாம். டபிள்யூ.பி.-வி.சி.டி. என்ற தீநிரல் இப்படித் திருட்டுத்தனமாகப் பகிரப்படும் தீம்களின் வழியாகவே பரவியதை, வேர்ட்ஃபென்ஸ் நிறுவனம் 2019-இல் விரிவாக வெளியிட்டது. முறையாகப் பெற்ற தீமிலும், செய்யும் திருத்தங்களை 'சைல்ட் தீம்' என்ற தனிக் கோப்புறையில் வைக்க வேண்டும். மூலக் கோப்பிலேயே திருத்தினால் அடுத்த புதுப்பிப்பில் உழைப்பெல்லாம் அழிந்துவிடும்.

கடைசியாக, தளம் யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி. குருவானவர் மாற்றலாகிப் போவார், பங்குத்தந்தை மாறுவார், தளத்தைக் கட்டிய இளைஞர் பெங்களூருக்கு வேலைக்குப் போவார். டொமைன் பெயர் அவரது தனி மின்னஞ்சலில் பதிவாகியிருந்தால், புதுப்பிக்கச் சொல்லி வரும் நினைவூட்டல் சபைக்கு எட்டாது. காலாவதியான பெயரை வேறு எவரும் வாங்கிவிடலாம். எனவே சபையின் பெயரில் ஒரு மின்னஞ்சல், கடவுச்சொல் தெரிந்த இருவர், கமிட்டியின் குறிப்பேட்டில் புதுப்பிக்கும் தேதி ஆகிய மூன்றையும் தளம் வெளியாகும் நாளிலேயே முடித்துவிட வேண்டும். ஞாயிறு அறிவிப்புத் தாளைத் தயாரிக்கும் செயலர், அதே தாளைச் சனிக்கிழமை மாலைக்குள் தளத்தைப் பார்த்துக்கொள்பவருக்கும் அனுப்பிவிட்டால், வாரந்தோறும் வேறு வேலை எதுவும் தேவைப்படாது.