அரும்பு, மொட்டு, மலர்: 1 முதல் 3-ம் வகுப்புக் குழந்தைகள் இந்தப் பருவத்தில் என்ன கற்கிறார்கள்?

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிகளில் இரண்டாம் பருவம் ஓடிக்கொண்டிருக்கிறது. புதுப் புத்தகம், புதுப் பயிற்சி நூல் எல்லாம் பையில் ஏறியாச்சு. வீட்டில் குழந்தையிடம் நாம் கேட்பது என்னவோ வழக்கமான கேள்விதான்: "ஸ்கூல்ல எந்தப் பாடம் நடத்துறாங்க?"

பதிலும் டக்கென்று வரும். சில குழந்தைகள் பாடத்தையே கடகடவென ஒப்பித்துவிடுவார்கள். நமக்கும் சந்தோஷம். ஆனால், அதே பக்கத்தின் நடுவில் இருக்கும் ஒரு வார்த்தையை விரலால் தொட்டு "இது என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். சில குழந்தைகள் முதல் வரியிலிருந்து மறுபடி சொல்லிக்கொண்டே வந்து, அந்த இடத்தில் நிற்பார்கள். அது படிப்பது இல்லை, ஞாபகம்.

ஒப்பிப்பதற்கும் படிப்பதற்கும் நடுவே இருக்கும் இந்த இடைவெளியை மூடுவதுதான் 1, 2, 3-ம் வகுப்புகளின் முக்கியமான வேலை. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் அது எப்படி நடக்கிறது, வீட்டில் நாம் எதைக் கவனிக்கணும்? பார்க்கலாம்.

முதலில், 'பருவம்' என்றால் என்ன?

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தது. ஒரே தடிப் புத்தகத்தை வருஷம் முழுக்கச் சுமக்காமல், ஆண்டை மூன்றாகப் பிரித்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை முதல் பருவம், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இரண்டாம் பருவம், ஜனவரியிலிருந்து ஆண்டு முடிவு வரை மூன்றாம் பருவம். ஒவ்வொன்றுக்கும் தனிப் புத்தகம்.

கூடவே மதிப்பீட்டு முறையும் மாறியது. வகுப்பில் பாடம் நடக்கும்போதே குழந்தை எப்படிக் கற்கிறது என்று பார்ப்பது வளரறி மதிப்பீடு. பருவத்தின் முடிவில் மொத்தமாகப் பார்ப்பது தொகுத்தறி மதிப்பீடு.

'எண்ணும் எழுத்தும்' எதற்காக வந்தது?

கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ம் தேதிதான் திறந்தன. ஒன்றரை வருஷத்துக்கும் மேல் இடைவெளி. ஒன்றாம் வகுப்பையே நேரில் பார்க்காத குழந்தை நேராக இரண்டாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது.

இதைச் சரிசெய்யத் தொடங்கப்பட்டதுதான் 'எண்ணும் எழுத்தும்' திட்டம். 2022 ஜூன் 13-ம் தேதி திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் இதைத் தொடங்கி வைத்தார். 8 வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் புரிந்து படிக்கவும், அடிப்படைக் கணக்குகளைப் போடவும் வேண்டும் என்பது இலக்கு. அதை 2025-க்குள் எட்ட வேண்டும் என்றும் அப்போது சொல்லப்பட்டது. முதலில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை இருந்த திட்டம், 2023-24-ல் 4, 5-ம் வகுப்புகளுக்கும் போனது.

அரும்பு, மொட்டு, மலர்... இது என்ன கணக்கு?

திட்டத்தின் மையமே இதுதான். குழந்தை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதைவிட, கற்றலில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்க்கிறார்கள். ஒன்றாம் வகுப்புக்குரிய திறன்கள் அரும்பு. இரண்டாம் வகுப்புக்குரியவை மொட்டு. மூன்றாம் வகுப்புக்குரியவை மலர்.

ஒன்றாம் வகுப்பில் எல்லோருமே அரும்புதான். ஆனால், மூன்றாம் வகுப்பில் ஒரே அறையில் மூன்று நிலைக் குழந்தைகளும் இருக்கலாம். எழுத்தே இன்னும் பிடிபடாத குழந்தைக்கு அரும்புப் பயிற்சி, சொற்களைப் படிக்கும் குழந்தைக்கு மொட்டு, பத்தியைப் படிக்கும் குழந்தைக்கு மலர். ஒரே பாட்டு, ஒரே கதை எல்லோருக்கும் பொதுவாக நடக்கும். அதன் பிறகு செய்யும் பயிற்சி மட்டும் நிலைக்கு ஏற்ப மாறும்.

உங்களில் சிலர் அரசுப் பள்ளியில் பாயில் உட்கார்ந்து, அட்டைகளை எடுத்துப் படித்திருப்பீர்கள். அது செயல்வழிக் கற்றல். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. 'எல்லோரும் ஒரே வேகத்தில் கற்க மாட்டார்கள்' என்ற அதே எண்ணம்தான் இங்கேயும் அடித்தளம்.

தமிழில் என்ன நடக்கிறது?

247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்க வைப்பது நம் காலத்துப் பழக்கம். ஆனால், படிக்கத் தொடங்க அத்தனை எழுத்தும் தேவையில்லை. ட, ப, ம என்ற மூன்று எழுத்தும், மெல்ல ஒரு புள்ளியும் போதும். படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் கிடைத்துவிடும். 'எனக்குப் படிக்கத் தெரியுது' என்ற நம்பிக்கை குழந்தைக்கு வருவது இந்த இடத்தில்தான்.

அதற்கப்புறம் வருவது குறில், நெடில். படம் வேறு, பாடம் வேறு. கல் வேறு, கால் வேறு. காதால் கேட்டுப் பிரிக்கத் தெரிந்தால்தான் கண்ணால் பார்த்துப் படிக்க முடியும்.

உண்மையான சிக்கல் உயிர்மெய்க் குறியீடுகளில் இருக்கிறது. 'கா'வில் துணைக்கால் எழுத்துக்குப் பின்னால் வருகிறது. 'கெ'யில் கொம்பு முன்னால் வருகிறது. 'கொ'வில் இரண்டு பக்கமும் வருகிறது. வாயில் முதலில் வருவது 'க்' ஒலி, எழுதும்போது முதலில் போடுவது கொம்பு. ஆறு வயசுக் குழந்தைக்கு இது லேசான விஷயம் இல்லை. 'கொடி'யை 'கெடி' என்று படிக்கும் குழந்தை சோம்பேறி இல்லை. கடைசியில் இருக்கும் துணைக்காலை அது இன்னும் கவனிக்கப் பழகவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, ஒரே எழுத்துக்கு வேறு வேறு ஒலி. 'காகம்' என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் ககர ஒலியும் அடுத்து வருவதும் ஒன்றில்லை. 'படம்', 'பட்டம்' இரண்டிலும் ட இருக்கிறது, ஒலி வேறு. நமக்குப் பழகிப்போனதால் தெரிவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், வீட்டுத் தமிழும் புத்தகத் தமிழும் வேறு வேறு. "நான் வீட்டுக்குப் போறேன்" என்று பேசும் குழந்தை, "நான் வீட்டிற்குச் செல்கிறேன்" என்ற வரியைப் படிக்க வேண்டியிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்தாலும் அர்த்தம் சட்டென்று ஒட்டாது. அதனால்தான் வகுப்பில் பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம். அது டைம்பாஸ் இல்லை. புத்தகத் தமிழைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதுக்குப் பழக்கும் வழி.

ஆங்கிலம்?

தமிழில் 'ப' என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் எழுத்தின் பெயர் 'டபிள்யூ', சொல்லில் அது தருவது 'வ' ஒலி. அதனால் எழுத்துப் பெயரோடு ஒலியையும் தனியாகக் கற்க வேண்டும். இரண்டு மொழியின் எழுத்து முறைகளையும் ஒரே நேரத்தில் பழகுகிற குழந்தைக்கு, இந்த வயதில் ஸ்பெல்லிங்கை விட ஒலியும் பேச்சும்தான் முதல் படி.

கணக்கில் என்ன?

ஒன்றாம் வகுப்பில் ஒற்றை இலக்க எண்களில் தொடங்கி, ஆண்டு முடிவதற்குள் இரண்டு இலக்க எண்களுக்குப் போகிறார்கள். இரண்டு, மூன்றாம் வகுப்புகளில் பெரிய எண்களின் கூட்டல், கழித்தல், பிறகு பெருக்கல், வகுத்தல். கூடவே வடிவங்கள், அளவைகள், பணம், நேரம்.

இத்தனைக்கும் சாவி ஒன்றே ஒன்று: இடமதிப்பு. 13-ல் இருக்கும் 1 என்பது ஒன்று இல்லை, ஒரு பத்து. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பத்து குச்சிகளை எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பக்கத்தில் மூன்று குச்சிகளைத் தனியாக வைத்தால் புரியும். பள்ளிகளில் குச்சிக் கட்டும் மணிச் சட்டமும் இருப்பது இதற்காகத்தான்.

இந்த இடத்தில் தமிழ் நமக்கு உதவி செய்கிறது. 'பதினொன்று' என்ற சொல்லிலேயே பத்தும் ஒன்றும் இருக்கிறது. 'இருபத்து மூன்று' என்றால் இரண்டு பத்து, மூன்று. ஆங்கிலத்தில் 'லெவன்', 'ட்வெல்வ்' என்ற சொற்கள் இப்படிக் காட்டிக் கொடுப்பதில்லை. தமிழில் கால் தடுக்கும் இடம் 90. எண்பதுக்கு அப்புறம் 'ஒன்பது' என்பதை வைத்து ஒரு பெயர் வரும் என்று குழந்தை எதிர்பார்க்கும். வருவதோ 'தொண்ணூறு'. அங்கே கொஞ்சம் கூடுதல் பயிற்சி கொடுக்கணும்.

இடமதிப்பு புரியாத குழந்தையிடம் 52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் 45 என்று எழுதும். 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிடும். சரியான விடை 35. இங்கே 'தப்பு' என்று அடித்துவிட்டுப் பத்து கணக்கு கூடுதலாகக் கொடுத்தால், அதே தப்பு பத்து தடவை நடக்கும். திரும்பவும் குச்சிக் கட்டுக்குப் போவதுதான் தீர்வு. ஒரு கட்டைப் பிரித்தால் பத்து தனிக் குச்சி கிடைக்கும். 'கடன் வாங்குவது' என்று நாம் சொல்வது அதைத்தான்.

ஏன் மூன்றாம் வகுப்புக்குள்?

மூன்றாம் வகுப்பு வரை குழந்தை படிக்கக் கற்றுக்கொள்கிறது. அதற்கப்புறம், படித்துத்தான் மற்றதைக் கற்றுக்கொள்கிறது. நான்காம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் பத்தி பத்தியாக வரும். கணக்குகூட வாக்கியமாக வரும். வாக்கியத்தைப் படிக்க முடியாத குழந்தைக்குக் கூட்டல் தெரிந்தும் விடை வராது.

நிலைமை எவ்வளவு தீவிரம் என்பதற்கு ஓர் எண். கிராமப்புற வீடுகளில் எடுக்கப்படும் 'ஏசர்' ஆய்வின்படி, 2022-ல் இந்திய அளவில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் 20.5 சதவிகிதம் பேரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடப் பத்தியைப் படிக்க முடிந்தது. தமிழ்நாட்டில் அது 4.8 சதவிகிதம். கொரோனா விட்டுச் சென்ற பள்ளத்தின் ஆழம் அது. எண்ணும் எழுத்தும் தொடங்கிய அதே ஆண்டின் கணக்கு என்பதையும் சேர்த்தே பார்க்கணும்.

தமிழ்நாட்டில் 8-ம் வகுப்பு வரை யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. இது நல்லதுதான். ஏழு வயதில் 'ஃபெயில்' முத்திரை குத்தி எந்தக் குழந்தையும் நன்றாகப் படித்ததில்லை. ஆனால், இதனால் பெரியவர்களின் பொறுப்பு கூடுகிறது. பின்தங்கும் குழந்தை சத்தமில்லாமல் அடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டே இருக்கும். யாராவது உட்கார்ந்து கவனித்தால்தான் தெரியும்.

ஆசிரியர்களுக்கு இது எளிதா?

இல்லை. பல தொடக்கப் பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்க வேண்டும். அதற்குள் மூன்று நிலைகள். குழந்தைகளின் மதிப்பீட்டைச் செல்போன் செயலியில் பதிவு செய்யும் வேலை வேறு. நெட் கிடைக்காத ஊர்களில் அது தனி அவஸ்தை. 'பதிவேற்றும் நேரத்தில் பாடம் நடத்தலாமே' என்பது ஆசிரியர்கள் தொடர்ந்து சொல்லிவரும் குறை. திட்டம் ஜெயிப்பது ஆப்பில் ஏறும் டேட்டாவால் இல்லை, ஒரு குழந்தையின் பக்கத்தில் ஆசிரியருக்கு உட்காரக் கிடைக்கும் நிமிடங்களால்தான்.

வீட்டில் ஐந்து நிமிடம்: என்ன பார்க்கலாம்?

உங்கள் குழந்தையோ, ஊரில் இருக்கும் அக்கா மகளோ, பக்கத்து வீட்டுச் சிறுவனோ, யாராக இருந்தாலும் இதைச் செய்யலாம். தனியார் பள்ளிக் குழந்தைக்கும் இதே கணக்குதான்.

1. பாடப் புத்தகம் வேண்டாம். குழந்தை பார்த்திராத ஒன்றைக் கொடுங்கள். பஸ் போர்டு, பால் பாக்கெட், கடைப் பெயர்ப் பலகை, கல்யாணப் பத்திரிகை எதுவும் சரி.

2. படித்த பக்கமாக இருந்தால், கடைசி வரியிலிருந்து மேலே படிக்கச் சொல்லுங்கள். ஒப்பித்தல் அங்கே கைகொடுக்காது.

3. படித்து முடித்ததும் "இதுல என்ன சொல்லியிருக்கு? உன் பேச்சுல சொல்லு" என்று கேளுங்கள். வீட்டுத் தமிழில் சொன்னால் போதும்.

4. 24 தீக்குச்சியைக் கொடுத்து, "இதுல 2 எது, காட்டு" என்று கேளுங்கள். இரண்டே குச்சியைக் காட்டினால் இடமதிப்பு இன்னும் வரவில்லை. 20 குச்சியைத் தள்ளி வைத்தால் வந்துவிட்டது.

5. கடைக்குக் கூட்டிப் போய் 50 ரூபாய் கொடுத்து, மீதி எவ்வளவு என்று சொல்லச் சொல்லுங்கள்.

தப்பு வந்தால் திட்ட வேண்டாம். பத்து முறை எழுதச் சொல்லவும் வேண்டாம். எந்த எழுத்தில், எந்த இடத்தில் தடுக்குகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் என்ன கேட்கலாம்?

பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் "எத்தனை மார்க்?", "எந்தப் பாடம் முடிஞ்சுது?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "என் பிள்ளை இப்போ எந்த நிலையில இருக்கா? ஜூன்ல எங்க இருந்தா? எந்த இடத்துல தடுமாறுறா? வீட்ல நாங்க என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். இந்த நான்கு கேள்விக்கும் பதில் சொல்லும் தகவல் ஆசிரியரிடம் இருக்கும். நீங்கள் குறித்து வைத்ததையும் காட்டினால் அவருக்கும் வேலை சுலபம்.

மூன்றாம் வகுப்பில் இருக்கும் குழந்தை இன்னும் அரும்பில் இருக்கிறது என்று தெரிந்தால் அதில் அவமானப்பட ஒன்றும் இல்லை. இந்தப் பருவத்திலேயே தெரிந்துவிட்டால், நான்காம் வகுப்புக்குப் போவதற்குள் கைவசம் இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. தினமும் கால் மணி நேரம் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இருந்தால், அந்த மாதங்களில் நிறையவே செய்யலாம்.