மாணவர் தரவும் இணையவழிக் கல்வியும்: பாலாற்றுத் தீர்ப்பு உணர்த்தும் பொறுப்பு

தமிழ்நாட்டு அரசுப் பாடநூல்களில் 2018ஆம் ஆண்டு முதல் பாடங்களோடு க்யூஆர் குறியீடுகளும் அச்சிடப்பட்டு வருகின்றன. அவற்றைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தால், ஒன்றிய அரசு 2017 செப்டம்பரில் தொடங்கிய ‘தீக்‌ஷா’ என்னும் கல்வித் தளத்தில் அந்தப் பாடத்துக்குரிய காணொளிகளும் பயிற்சி வினாக்களும் திறக்கின்றன. கல்லூரி மாணவர்களுக்கு ‘ஸ்வயம்’, ‘என்பிடெல்’ ஆகிய இணையவழிப் பாடத் தளங்களும், போட்டித் தேர்வுக்குப் படிப்போருக்குப் பல தனியார் செயலிகளும் உள்ளன. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எனப் பரவியுள்ள தோல் தொழில் வட்டாரத்தில், தந்தை டேனரி எனப்படும் தோல் பதனிடும் ஆலைக்கும் தாய் ஷூ கம்பெனிக்கும் வேலைக்குப் போகும் வீடுகளின் பிள்ளைகளுக்கு இச்சேவைகள் பெரிய துணை. ஆயினும் பாடத்தைக் கொடுக்கும் இச்சேவைகள் படிப்பவரைப் பற்றிய தகவலைப் பெற்றுக்கொள்ளவும் செய்கின்றன என்பதையும், அத்தகவலைக் காக்கும் கடமை யாருடையது என்பதையும் பெற்றோர் அறிந்திருப்பது அவசியம்.

ஒருவர் இன்னார் என்று அடையாளம் காண உதவும் எந்தத் தகவலும் தனிநபர் தரவு எனப்படும். இணையவழிக் கல்விச் சேவை ஒன்று பெறும் தரவை மூவகையாகப் பிரிக்கலாம். பெயர், பிறந்த தேதி, பள்ளி, கைப்பேசி எண் போன்று பயனர் தாமே எழுதித் தருபவை முதல் வகை. எந்தக் காணொளியை எத்தனை நிமிடம் பார்த்தார், எந்த வினாவில் தடுமாறினார், எந்த ஊரிலிருந்து எத்தகைய கைப்பேசியில் நுழைந்தார் என்று பயன்பாட்டின்போது தானாகப் பதிவாகின்றவை இரண்டாம் வகை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்து, இவர் கணக்கில் பின்தங்கியவர், இவர் வீட்டில் கட்டணம் செலுத்தும் வசதி உண்டு என்றெல்லாம் சேவையே ஊகித்து எழுதிக்கொள்பவை மூன்றாம் வகை. முதல் வகையைப் பெற்றோர் கண்ணால் காண்கிறார்கள். மற்ற இரண்டும் அவர்கள் பார்வைக்கு வருவதே அரிது.

இரண்டாம் வகைத் தரவைத் திரட்டும் கருவிகளுள் முதன்மையானது குக்கீ. இணையத்தின் அடிப்படை நெறிமுறைக்கு நினைவாற்றல் இல்லை. ஒரு பக்கத்தைத் திறந்தவர்தான் அடுத்த பக்கத்தையும் திறக்கிறார் என்பதை அது தானாக அறியாது. இக்குறையைப் போக்க, நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மான்டூலி 1994இல் ஒரு வழி கண்டார். இணையதளம் ஒரு சிறு எழுத்துக் கோப்பை அனுப்ப, கைப்பேசியிலோ கணினியிலோ உள்ள உலாவி அதைச் சேமித்து வைத்து, அடுத்த முறை அத்தளத்துக்குச் செல்லும்போது திருப்பிக் காட்டுகிறது. தளமும் ஆளை அடையாளம் கண்டுகொள்கிறது. உள்நுழைந்த மாணவரை ஒவ்வொரு பக்கத்திலும் கடவுச்சொல் கேட்டுத் தொல்லைப்படுத்தாமல் இருப்பதற்கும், தமிழ்வழிப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு மறுநாளும் தமிழிலேயே காட்டுவதற்கும் குக்கீ தேவை. ஆனால் அதே பக்கத்தில் விளம்பர நிறுவனமோ பகுப்பாய்வு நிறுவனமோ தன் குக்கீயையும் வைத்துவிடும்போது நிலைமை மாறுகிறது. மூன்றாம் தரப்புக் குக்கீ என வழங்கும் இது, அந்த நிறுவனத்தின் நிரல் இடம்பெற்றுள்ள வேறு தளங்களிலும் அதே பயனரைப் பின்தொடர வல்லது. செயலிகளில் குக்கீயின் வேலையைக் கைப்பேசிக்குரிய விளம்பர அடையாள எண்ணும், பிற நிறுவனங்கள் எழுதிச் செயலிக்குள் பொருத்தப்படும் நிரல் தொகுப்புகளும் செய்கின்றன.

தோல் தொழில் வட்டார வீடுகளில் ஒரே கைப்பேசியைப் பலரும் பகிர்ந்துகொள்வது வழக்கம் என்பதால் இச்சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. தாய் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் பிள்ளையின் கைக்குக் கைப்பேசி வருகிறது; கணக்கு தாயின் எண்ணில் தொடங்கப்படுகிறது; ஓடிபியும் அந்த எண்ணுக்கே வருகிறது. திரையின் அடியில் தோன்றும் குக்கீ அறிவிப்பில், ஏற்கிறேன் என்னும் பொத்தான் பெரிதாகவும் பளிச்சென்றும் இருக்க, மறுக்கும் வழி சிறிய எழுத்தில் அடுத்த பக்கத்துக்குள் ஒளிந்திருக்கிறது. வீட்டுப்பாடத்தை முடிக்கும் அவசரத்தில் பத்து வயதுப் பிள்ளை பெரிய பொத்தானைத் தொட்டுவிட்டால், அதைச் சம்மதம் என்று எந்த நியாயத்தில் எடுத்துக்கொள்வது? முன்கூட்டியே குறியிடப்பட்ட பெட்டியைப் பயனர் அப்படியே விட்டுவிடுவது குக்கீக்கான சம்மதம் ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது இந்த நோக்கில் கருதத்தக்கது.

அரசு நடத்தும் தளம் என்பதால் மட்டும் தரவு பத்திரமாக இருந்துவிடாது என்பதைத் தீக்‌ஷாவின் அனுபவமே காட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில் 49 நாடுகள் பரிந்துரைத்த கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2022 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, அவற்றில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது, குழந்தைகளின் உரிமைகளுக்கு ஊறு விளைவிக்கும் வகையில் தரவைக் கையாண்டதாகக் கூறியது. தீக்‌ஷா செயலிக்கு மாணவர் இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறியும் திறன் இருந்ததையும் அது சுட்டியது. பாதுகாப்பின்றித் திறந்துகிடந்த மேகக் கணினிச் சேமிப்பகம் ஒன்றின் வழியாகத் தீக்‌ஷாவின் தரவு வெளிப்பட்டிருந்ததை, 2023 ஜனவரியில் ‘வயர்டு’ இதழ் வெளிக்கொணர்ந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் முகவரியும், ஏறக்குறைய ஆறு லட்சம் மாணவர்களின் பெயர், பள்ளி போன்ற விவரங்களும் அதில் அடங்கியிருந்தன. தனியார் துறையிலும் இதே கதைதான்: அனகாடமி என்னும் இணையவழிக் கல்வி நிறுவனத்தின் ஏறக்குறைய 2.2 கோடிப் பயனர்களின் விவரங்கள் கசிந்த செய்தி 2020 மே மாதம் வெளிவந்தது.

இத்தகைய தீங்கு நேரும்போது சுமையை யார் தாங்குவது என்ற கேள்விக்கு, இந்தத் தோல் தொழில் வட்டாரமே இந்தியாவுக்கு ஒரு விடை தந்திருக்கிறது. சுத்திகரிக்காத டேனரிக் கழிவுநீர் பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தீங்கு முழுமையாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும்; தன் செயலால் தீங்கில்லை என்று காட்ட வேண்டியவர் தொழில் நடத்துபவரே; மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாடுகளை அத்தீர்ப்பு இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. கிணற்று நீரைக் குடிக்கும் முன் சோதித்துப் பார்த்திருக்க வேண்டியது உழவரின் கடமை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. டேனரிக் கழிவுநீரோடு நிலத்தில் இறங்கிய குரோமியத்தைப் போலவே வெளியே கசிந்த தரவையும் முழுவதுமாகத் திரும்ப எடுக்க இயலாது என்பதால், தரவைத் திரட்டுவோர்க்கும் அதே முன்னெச்சரிக்கைக் கடமை பொருந்துவதே நீதி.

சட்டமும் மெல்ல அத்திசையில் நகர்ந்துள்ளது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று அறிவித்ததன் தொடர்ச்சியாக, எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சேவை நிறுவனங்களின் முதன்மைக் கடமைகள் விதிகள் வெளியானதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் கால அட்டவணை வகுக்கப்பட்டுள்ளது. இச்சட்டத்தின்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். அவர்களைப் பின்தொடர்வதும், நடத்தையைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது. கல்விப் பணிக்கும் மாணவர் பாதுகாப்புக்கும் தேவையான அளவில் கல்வி நிறுவனங்களுக்கு விதிகள் விலக்களிக்கின்றன. தேவை முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும். சம்மதத்தை அளித்த அதே எளிமையோடு திரும்பப் பெறவும் இயல வேண்டும். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு.

தோல் வட்டாரத்துக்கு இச்சட்டத்தின் இரண்டு கூறுகள் குறிப்பாக முக்கியமானவை. தரவு பற்றிய அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் எதிலும் படிக்கும் வாய்ப்பைப் பயனருக்குத் தர வேண்டும் என்பது முதலாவது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் வீடுகளில் பேசப்படும் தமிழ், உருது ஆகிய இரண்டும் அந்த அட்டவணையில் உள்ளவை. பெற்றோரின் சம்மதம் இரண்டாவது. ஓடிபி வரும் கைப்பேசி பிள்ளையின் கையிலேயே இருக்கும் வீட்டில் ஓடிபியை மட்டும் நம்பிப் பெறும் சம்மதம் பெயரளவுக்கே நிற்கும் என்பதால், சரிபார்ப்பை மெய்யாக்குவது சேவையின் வேலையாக வேண்டும்.

பெற்றோர் செய்யத்தக்கவையும் சில உள்ளன. பகிரும் கைப்பேசியில் படித்து முடித்ததும் கணக்கிலிருந்து வெளியேறலாம். உலாவியின் அமைப்பில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுக்கலாம். பாடச் செயலி இருப்பிடமும் தொடர்பு எண்களும் கேட்டால் மறுக்கலாம். ஆயினும் பத்து மணி நேரம் உழைத்துத் திரும்பும் ஒருவர் மீது முழுக் காவல் பொறுப்பையும் சுமத்துவது அறமாகாது. ஒரு செயலியை மாணவர்களுக்குப் பரிந்துரைக்கும் முன், என்ன தரவு திரட்டப்படுகிறது, எதற்காக, யாரோடு பகிரப்படுகிறது, எப்போது அழிக்கப்படுகிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் எழுத்து வடிவில் விடை கேட்டுப் பெறும் வழக்கத்தைப் பள்ளிகளும் கல்வித் துறையும் மேற்கொள்ள வேண்டும்; தெளிவான விடை தர இயலாத சேவைக்கு வகுப்பறையில் இடமளிக்கக் கூடாது.