வாகனத்திற்காக மாற்றப்படும் எண்ணெய் வித்துகள்: நாம் அறிய வேண்டியவை

2022ஆம் ஆண்டு ரமளான் மாதத்தின் கடைசி நாட்கள். ஏப்ரல் 28 அன்று, உலகிலேயே அதிகமாகப் பாமாயில் உற்பத்தி செய்யும் இந்தோனேசியா அதன் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. சொந்த நாட்டு மக்களே சமையல் எண்ணெய் வாங்க முடியாத அளவுக்கு விலை ஏறியிருந்தது. மே 23 அன்றுதான் தடை விலக்கப்பட்டது.

விலை ஏறியதற்குக் காரணங்கள் பல. உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டது அதில் ஒன்று. நம்மில் பலரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பாமாயிலிலிருந்து தயாரித்த பயோடீசலை 30 சதவீதம் அளவுக்கு டீசலில் கலக்க வேண்டும் என்பது 2020 முதல் அந்நாட்டில் விதியாக இருந்தது. வீட்டு வாணலியும் ரோட்டில் ஓடும் லாரியும் ஒரே எண்ணெய்க்காகப் போட்டி போட்டன.

இந்தப் போட்டியைத் தவிர்க்க, எரிபொருளுக்கென்றே தனியாக எண்ணெய் வித்துப் பயிர்களை மரபணு மாற்றத்தின் மூலம் உருவாக்கலாம் என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக முயன்று வருகிறார்கள். அவர்கள் செய்வது என்ன, அதனால் எது தீரும், எது தீராது என்பதை இங்கே பார்ப்போம்.

எண்ணெய் எப்படி டீசலாகிறது?

தாவர எண்ணெயில் இயந்திரம் ஓடுவது புதிய செய்தி இல்லை. 1900இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு டீசல் இயந்திரத்தைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் தாவர எண்ணெய் டீசலை விடக் கெட்டியானது. இன்றைய இயந்திரங்களில் அப்படியே ஊற்றினால் உள்ளே கரி படிந்துவிடும். அதனால் எண்ணெயுடன் மெத்தனாலையும் சிறிது காரத்தையும் சேர்த்து வினைபுரியச் செய்கிறார்கள். கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்பதுதான் பயோடீசல். விமான எரிபொருள் வேண்டுமென்றால் முறை வேறு. எண்ணெயில் ஹைட்ரஜனைச் செலுத்தி அதிலுள்ள ஆக்சிஜனை நீக்க வேண்டும்.

எல்லா எண்ணெயும் இதற்கு ஒன்றுபோல் பொருந்துவதில்லை. தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்து போவதை நாம் பார்த்திருக்கிறோம். ஆளி விதை எண்ணெயைக் காற்றுப்பட வைத்தால் காய்ந்து பிசின்போல் ஆகிவிடும். பெயின்ட் தயாரிக்க அதைப் பயன்படுத்துவது இந்தக் குணத்திற்காகத்தான். எரிபொருள் குளிரில் உறையவும் கூடாது, டேங்கில் கெட்டுப் போகவும் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒலீயிக் அமிலம். ஜைத்தூன் எண்ணெயில் மிகுதியாக இருப்பது இதுதான். பயோடீசலுக்கான விதையில் இந்த அமிலத்தைக் கூட்டுவதே ஆய்வாளர்களின் முக்கியமான இலக்குகளில் ஒன்று.

கேமலினா என்ற சிறு விதை

இதற்கு நல்ல உதாரணம் கேமலினா. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடியை ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகப் பயிரிட்டு வந்தார்கள். ஆயிரம் விதைகளின் எடை ஏறத்தாழ ஒரு கிராம்தான். விதையில் 40 சதவீதம் வரை எண்ணெய் இருக்கும். சுமார் மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். தண்ணீரும் குறைவாகவே போதும். 2010 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படை, கேமலினா எண்ணெயில் தயாரித்த எரிபொருளைப் பாதிக்குப் பாதி கலந்து ஒரு போர் விமானத்தைப் பறக்கவிட்டது.

ஆனால் இந்த எண்ணெயில் ஒலீயிக் அமிலம் குறைவு. எளிதில் கெட்டுப்போகும் அமிலங்கள் பாதிக்கும் மேல். காரணம், செடியில் உள்ள ஒரு நொதி ஒலீயிக் அமிலத்தை அடுத்த வகையாக மாற்றிவிடுகிறது. அந்த நொதியை உண்டாக்கும் மரபணுவைக் கிரிஸ்பர் என்ற வெட்டும் முறையால் ஆய்வாளர்கள் செயலிழக்கச் செய்தார்கள். 2017இல் வெளியான ஆய்வில், 16 சதவீதமாக இருந்த ஒலீயிக் அமிலம் 50 சதவீதத்தைத் தாண்டியது.

இதிலும் ஓர் எல்லை இருக்கிறது. கேமலினாவில் ஒவ்வொரு மரபணுவும் பொதுவாக மூன்று பிரதிகளாக இருக்கும். மூன்றையும் முழுமையாக அடைத்துவிட்டால் செடி சரியாக வளர்வதில்லை. நாம் வேண்டாம் என்று நினைக்கும் அமிலம் செடியின் செல் சவ்வுகளுக்குத் தேவைப்படுகிறது.

இது செடியின் சொந்த மரபணுவை முடக்கும் வழி. இன்னொரு வழி, வேறொரு தாவரத்தின் மரபணுவைச் சேர்ப்பது. கலிஃபோர்னியாவில் வளரும் ஒரு மரத்தின் மரபணுவைச் சேர்த்து, தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலத்தைத் தரும் கனோலா 1995லேயே வணிகமாகப் பயிரிடப்பட்டது. அது சோப்பு போன்ற பொருட்களுக்காகச் செய்தது. அதே வழியில், கெட்டித்தன்மை குறைந்த எண்ணெயைத் தரும் கேமலினாவையும் பின்னர் உருவாக்கினார்கள்.

விதையால் தீராத கணக்கு

எண்ணெயின் குணத்தை மாற்ற முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. ஆனால் அந்த விதையை எந்த நிலத்தில் விதைப்பது?

நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030க்குள் டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும் என்கிறது. நாம் ஓர் ஆண்டில் எரிக்கும் டீசல் ஏறத்தாழ 9 கோடி டன். அதில் 5 சதவீதம் 45 லட்சம் டன். ஒரு ஹெக்டேர் கடுகிலிருந்து கிடைப்பது சுமார் அரை டன் எண்ணெய். அப்படியானால் 90 லட்சம் ஹெக்டேர் தேவை. இன்று இந்தியா முழுவதும் கடுகு விளையும் பரப்பே ஏறத்தாழ அவ்வளவுதான். இத்தனைக்கும் சமையலுக்கே ஆண்டுதோறும் 1.5 கோடி டன் அளவுக்கு எண்ணெய் இறக்குமதி செய்கிறோம். அதனால்தான் அந்தக் கொள்கையே உணவுக்கு ஆகாத எண்ணெயையும் பயன்படுத்திய எண்ணெயையும் முன்னிறுத்துகிறது. மரபணு மாற்றத்தால் விதையின் எண்ணெயை 40 சதவீதத்திலிருந்து 44 ஆக உயர்த்தினாலும், தேவைப்படும் நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட முழுதாகக் குறையாது.

"தரிசில் விளையும்" என்ற வாக்குறுதியையும் நாம் ஏற்கனவே கேட்டவர்கள். காட்டாமணக்கு இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் நாடெங்கும், தமிழ்நாட்டிலும், அப்படித்தான் ஊக்குவிக்கப்பட்டது. 2017க்குள் 20 சதவீத உயிரி எரிபொருள் என்று 2009இல் இலக்கும் வைத்தார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் செடி பிழைத்தது. ஆனால் சொன்ன அளவுக்குக் காய்க்கவில்லை. அதன் புண்ணாக்கு நச்சுத்தன்மை உடையது என்பதால் மாட்டுக்கும் வைக்க முடியவில்லை. அரசு ஏட்டில் தரிசு என்று எழுதப்பட்டிருந்த இடங்களில் பல, ஏழைகள் ஆடு மாடு மேய்த்து வந்த நிலங்கள்.

கேமலினாவை ஆதரிப்போர் சொல்லும் பதில் கவனிக்கத் தக்கது. அமெரிக்காவின் வறண்ட சமவெளிகளில் இரண்டு கோதுமைப் பயிர்களுக்கு இடையே நிலத்தைச் சும்மா போட்டு வைப்பார்கள். அந்த இடைவெளியில் இதை விதைத்தால் உணவுப் பயிரின் இடம் பறிபோகாது என்கிறார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் எரிபொருளுக்கு நல்ல விலை கிடைத்தால் விவசாயி கோதுமை நிலத்திலும் அதையே விதைக்கலாம். அதை எந்த மரபணுவாலும் தடுக்க முடியாது. அரசின் சட்டமும் கொள்முதல் விதியும்தான் தடுக்க வேண்டும்.

கலப்பு பற்றியும் கேட்க வேண்டும். கேமலினா பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனாலும் அதன் உறவான காட்டுச் செடியோடு இனம் சேரக்கூடியது. இத்தனை சிறிய விதை வண்டியிலும் களத்திலும் சிந்தாமல் இருக்காது. எரிபொருளுக்கென மாற்றிய விதை உணவு விதையோடு சேராதபடி தனிக் கிடங்கும் தனி ஆலையும் தேவை.

ஆகவே, "அதிசயப் பயிர்" என்று ஒரு செய்தி வந்தால் மூன்று கேள்விகள் கேட்போம். எந்த நிலத்தில் விதைக்கப் போகிறார்கள்? அங்கே இப்போது யார் பிழைக்கிறார்கள்? உணவோடு கலக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருடையது?

ஒரு சென்ட் நிலம்கூடக் கேட்காத எண்ணெய் ஒன்று நம் கைவசமே இருக்கிறது. வலீமா விருந்துகளிலும் நோன்பு கால வடை, சமோசா கடைகளிலும் மிஞ்சும் பொரித்த எண்ணெய்தான் அது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்த உணவுப் பாதுகாப்புத் துறை 2018இல் வரம்பு விதித்தது. அப்படிக் கழிக்கும் எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் திட்டத்தையும் அதே ஆண்டு தொடங்கியது. நாட்டின் தேவையில் இது சிறு பங்கைத்தான் ஈடுசெய்யும். என்றாலும் அந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமலும், மலிவு விலைக்கு மறுபடி இன்னொரு வாணலிக்குப் போகவிடாமலும் சேகரிப்பவர்களிடம் சேர்ப்பது நம்மால் இன்றே முடிந்த காரியம்.