புல்லை உழுதார்கள், புழுதி எழுந்தது
சிமரோன் கவுண்டியின் நூறாண்டுக் கதை

அமெரிக்காவின் ஓக்லஹாமா மாநிலம் வரைபடத்தில் கைப்பிடி வைத்த வாணலி போலத் தோன்றும். அந்தக் கைப்பிடியின் மேற்கு நுனியில் இருப்பது சிமரோன் கவுண்டி. கவுண்டி என்பது நமது மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. இதன் பரப்பு சுமார் 1,835 சதுர மைல். அதாவது ஏறக்குறைய 11 லட்சத்து 74 ஆயிரம் ஏக்கர். 2020-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி அங்கு வசித்தவர்கள் 2,296 பேர்தான். கைக்குழந்தை உட்பட ஆளுக்கு 500 ஏக்கருக்கு மேல் வருகிறது. இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது பொறாமையாக இருக்கலாம். ஆனால் 1930-ல் அங்கே 5,408 பேர் இருந்தார்கள். பாதிக்கு மேல் எங்கே போயிற்று?

1850 முதல் 1890 வரை இந்தப் பகுதி எந்த மாநிலத்திலும் சேராமல் கிடந்தது. 'யாருக்கும் சொந்தமில்லாத நிலம்' என்றே பெயர். கால்நடைக்காரர்கள் அங்கே மேய்த்துக் கொண்டிருந்தார்கள். 1907-ல் ஓக்லஹாமா மாநிலமானபோது சிமரோன் தனிக் கவுண்டியாயிற்று. குடியேறி, வீடு கட்டி, பயிர் செய்பவருக்கு 160 ஏக்கர் சொந்தம் என்று 1862-லேயே சட்டம் இருந்தது. அதை நம்பிக் குடும்பங்கள் வந்தன. 1908-ல் பாய்சி சிட்டி என்ற ஊரில், சாலையும் மரமும் ஊற்றுக் கிணறும் இருப்பதாக விளம்பரம் செய்து மனைகளை விற்றார்கள். வாங்கியவர்கள் வந்து பார்த்தால் வெறும் பொட்டல்! விற்ற ஆசாமிகள் சிறைக்குப் போனார்கள். ஊர் மட்டும் நிலைத்து, கவுண்டியின் தலைநகரமும் ஆயிற்று.

அங்கு ஆண்டு மழை 20 அங்குலத்துக்கும் குறைவு. காற்றோ ஓயாது. அந்த மண்ணைப் பிடித்து வைத்திருந்தது குட்டையான ஒரு வகைப் புல். அதன் வேர்கள் பாய் பின்னியது போல மண்ணைக் கட்டியிருந்தன. வறட்சியில் காய்ந்தாலும் வேர் சாகாது.

முதல் உலகப் போரின்போது ஒரு புஷல் (சுமார் 27 கிலோ) கோதுமை 2 டாலர் வரை விலை போயிற்று. டிராக்டரும் சட்டிக் கலப்பையும் வந்தன. 1925-ல் பாய்சி சிட்டிக்கு ரயிலும் வந்தது. புல்தரையைக் கீறிக் கோதுமை விதைத்தார்கள். சில ஆண்டுகள் நல்ல மழை, நல்ல மகசூல். 1920-ல் 3,436 ஆக இருந்த மக்கள் தொகை 10 ஆண்டில் 5,408 ஆகப் பெருகியது இப்படித்தான். 1931-ல் விலை புஷலுக்கு அரை டாலருக்கும் கீழே விழுந்தது. கடனைக் கட்ட வேண்டுமே! விலை குறையக் குறைய இன்னும் அதிகமாக உழுதார்கள். வேறு வழி அவர்களுக்குத் தெரியவில்லை.

அடுத்து மழை பொய்த்தது. பயிர் முளைக்கவில்லை, புல்லும் இல்லை, மண் கிளம்பியது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. கருப்பு மலை போல் ஒரு புழுதிச் சுவர் வந்து பட்டப்பகலை இருட்டாக்கியது. அந்த நாளை இன்றும் 'கருப்பு ஞாயிறு' என்கிறார்கள். வேலிகள் மண்ணில் புதைந்தன. தூசி நுரையீரலில் இறங்கிக் குழந்தைகளும் முதியவர்களும் மாண்டார்கள். 1936-ல் ஒரு தகப்பனும் இரு பிள்ளைகளும் புழுதிக்காற்றில் குனிந்து ஓடுவதை ஆர்தர் ராத்ஸ்டீன் படமெடுத்தார். உலகப் புகழ் பெற்ற அந்தப் படம் இந்தக் கவுண்டியில் எடுத்ததுதான்.

1935 ஏப்ரல் 27-ல் அமெரிக்க அரசு மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அதற்காகப் பாடுபட்டவர் ஹியூ பென்னட் என்ற மண்ணியல் அறிஞர். சரிவுக்குக் குறுக்கே உழுவது, சம உயர வரப்பு போடுவது, அரிதாளை எரிக்காமல் வயலிலேயே விடுவது, இடையிடையே சோளப்பட்டி விதைப்பது ஆகிய முறைகள் பரவின. மிகவும் கெட்டுப்போன நிலத்தை அரசே வாங்கி மறுபடி புல் விதைத்தது. அதில் ஒரு பகுதி ரீட்டா பிளாங்கா தேசியப் புல்வெளி என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

1940-ல் மக்கள் தொகை 3,654. மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. ஆனாலும் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமமானவர்கள் அந்தப் புழுதியிலும் இருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. மழை திரும்பியது, விலையும் ஏறியது. 1950-ல் 4,589 ஆக உயர்ந்தது. புழுதியால் அந்தக் கவுண்டி காலியாகிவிடவில்லை.

பின்னர் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 1970-ல் 4,145. 1980-ல் 3,648. 2000-ல் 3,148. 2010-ல் 2,475. பத்தாண்டுக்கு ஒரு முறை எண்ணும்போதெல்லாம் குறைந்துகொண்டே வந்தது. இந்த முறை பஞ்சத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. பெரிய டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின் ஒரு குடும்பமே ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இயந்திரத்துக்குப் போட்ட பணத்தை எடுக்கப் பெரிய பண்ணை தேவைப்பட்டது. பக்கத்து நிலம் விலைக்கு வந்தால் அதையும் சேர்த்துக்கொண்டார்கள். விற்றவர் நகரத்துக்குப் போனார். ஆள் குறைந்தால் பள்ளியில் பிள்ளை குறையும், கடையில் வியாபாரம் குறையும், அவர்களும் போவார்கள்.

ஓகலாலா என்ற பெரும் நிலத்தடி நீர்ப்படுகை அங்கே கைகொடுத்தது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரை இறைத்து, சக்கரங்களில் வட்டமாகச் சுற்றிவரும் நீண்ட குழாய் மூலம் தெளிக்கிறார்கள். 160 ஏக்கர் சதுர நிலத்தில் சுமார் 125 ஏக்கர் நனையும். மடை திருப்ப ஆள் வேண்டியதில்லை. ஆனால் மழையால் ஊறுவதைவிட இறைப்பது மிக அதிகம்; நீர்மட்டம் இறங்கி வருகிறது. 1985-ல் வந்த வேறொரு திட்டத்தின்படி, அரிப்புக்கு ஆளாகும் நிலத்தில் பயிர் செய்யாமல் 10 ஆண்டுகளுக்குக் குறையாமல் புல் வளர்ப்பவருக்கு அரசு ஆண்டுதோறும் வாடகை தருகிறது. பாட்டனார் கலப்பையால் கீறிய அதே தரையில், பேரன் பணம் வாங்கிக்கொண்டு புல் விதைக்கிறார்.