ஒத்துழைக்காத சக ஊழியருடன் எழுத்துவழித் தொடர்பு

வேலையைத் தாமதப்படுத்தும், சொன்னதைப் பின்னர் மறுக்கும் அல்லது கடுமையாக நடந்துகொள்ளும் சக ஊழியரிடம் மின்னஞ்சல், அலுவலகக் குறிப்பு, குறுஞ்செய்தி ஆகியவற்றின் மூலம் பணி தொடர்பான செய்தியைத் தெளிவாகவும் மரியாதையாகவும் தெரிவிப்பது இவ்வகைத் தொடர்பாகும். எடுத்த வேலையை முடிப்பதே இதன் முதல் நோக்கம்.

எழுத்தில் தொனி

நேர்ப்பேச்சில் குரலும் முகமும் பொருளை விளக்குகின்றன. எழுத்தில் அவை இல்லை. ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு, மின்னஞ்சலில் தம் தொனி பிறருக்குப் புரிந்துவிடும் என்று எழுதுவோர் மிகையாக நம்புவதைக் காட்டியது. மனக்கசப்பு உள்ள இடத்தில் சாதாரணச் சொல்லும் குத்தலாகப் படலாம்.

எழுதும் முறை

• ஒரு மடலில் ஒரு பொருளை மட்டும் எழுத வேண்டும்.
• ஆளின் குணத்தை விட்டு, வேலை, நாள், தேவை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும்.
• வாய்மொழியாக எடுத்த முடிவை அன்றே சுருக்கமாக எழுதி அனுப்பினால் பின்னர் மறுக்க இடமிராது.
• கோபத்தில் எழுதியதை உடனே அனுப்பக்கூடாது. 1995இல் வெளியான ஆர்.எஃப்.சி 1855 என்ற இணைய நடத்தை வழிகாட்டியும் உணர்ச்சிவசப்பட்ட பதில்களை ஓர் இரவு பொறுத்து அனுப்பச் சொல்கிறது. பெறுநர் முகவரியைக் கடைசியில் இடுவது நல்ல பழக்கம்.

எடுத்துக்காட்டு

"நீங்கள் எப்போதும் இப்படித்தான். உங்களால் எனக்குக் கெட்ட பெயர்" என்று எழுதினால் சண்டைதான் வளரும். அதையே பின்வருமாறு எழுதலாம்:

"மார்ச் மாத இருப்புப் பட்டியல் 5ஆம் தேதி வரவேண்டியது, இன்னும் கிடைக்கவில்லை. 8ஆம் தேதி தணிக்கைக்கு அது தேவை. நாளை மாலை 4 மணிக்குள் அனுப்ப இயலுமா? இயலாதெனில், முடிந்த பகுதியை மட்டும் அனுப்பி உதவவும்."

இதில் வசை இல்லை. ஆயினும் தாமதம் பதிவாகிவிடுகிறது. மற்றவர் மானம் கெடாமல் வேலையை முடிக்க வழியும் இருக்கிறது.

மேலதிகாரிக்கு நகல்

முதல் மடலிலேயே மேலதிகாரிக்கு நகல் அனுப்பினால் அது புகாராகவே கொள்ளப்படும். நினைவூட்டல்களுக்கும் பதில் வராதபோது, முன்னரே தெரிவித்துவிட்டு அனுப்புவது முறை. மறைநகல் அனுப்பியது வெளியே தெரிந்தால் நம்பிக்கை போய்விடும்.

பதிவின் மதிப்பு

இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 "தகவல்" என்பதில் மின்னஞ்சலையும் சேர்த்துள்ளது. எனவே அரசு அலுவலக மடலை மூன்றாம் நபரும் படிக்க நேரலாம் என எண்ணியே எழுத வேண்டும். விசாரணை வந்தால் மற்றவர் எழுதியதோடு தாம் எழுதியதும் படிக்கப்படும்.

எல்லை

பாலியல் துன்புறுத்தல் பணிவான மடலால் தீர்க்கத்தக்கதன்று. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதிக்கப்பட்ட பெண் பொதுவாக 3 மாதங்களுக்குள் உள்ளகக் குழுவிடம் எழுத்துமூலம் புகார் அளிக்கலாம். வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பது அப்போது உதவும்.